முன்னந்தலையில் பதியாத அலைகள்

என் மனைவி மங்கைக்கு ஒரே காலையில் இருமுறை இன்சுலின் ஊசி செலுத்திவிட்டேன். முதல்முறை செலுத்தியது என் நினைவில் சற்றும் தங்கவில்லை. அதன்பின் நேர்ந்த மருத்துவமனை அலைச்சலைப் பற்றி நண்பர்கள் பலரும் வினவுகின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரைத்துச் சலித்துவிட்டமையால், அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஆம்பூரில் எங்கள் சொந்த வீட்டில் வாழ்கிறோம். நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒரே மகள் எழிலி, கணவனோடு வேலூரில் இருக்கிறாள். தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் பணிபுரிகிறாள். மங்கைக்கு நீரிழிவு முற்றி விழித்திரையைத் தாக்கிவிட்டது. எதிரில் நிற்பவரை அடையாளம் காண்பாள். எழுத்தும் எண்ணும் அவள் கண்ணுக்குப் புலப்படா. ஆதலின், ஊசிப்பேனாவில் அளவைத் திருகி வைத்துச் செலுத்தும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னுடையது. காலணித் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் பேருந்து, விடிந்தும் விடியாததுமாக எங்கள் தெருமுனையில் வந்து ஒலியெழுப்பும். வைகறையிலேயே எழுந்து படித்துக்கொண்டிருக்கும் நான், அவ்வொலி கேட்டதும் நூலை மூடிவிட்டு ஊசியை எடுப்பேன்.

அன்றும் அவ்வாறே எடுத்துச் செலுத்தினேன் என்று மங்கை சொல்கிறாள். பின்னர் நூலறைக்குச் சென்றவன், எதற்கோ திரும்பி வந்து, மேசைமீது ஊசிப்பேனா கிடப்பதைக் கண்டு மறுபடியும் கையில் எடுத்திருக்கிறேன்.

“இப்பதானே போட்டீங்க?” என்றாள்.

“அது நேற்று, மங்கை.”

“நேத்தா? இல்லீங்களே. பஸ்ஸு போனதும் போட்டீங்களே.”

“நான் சொல்கிறேனே, அது நேற்று.”

சற்றே தயங்கினாள். “சரி, உங்களுக்கா மறக்கப் போவுது? எனக்குத்தான் ஒண்ணும் நெனப்புல நிக்கிறதில்ல” என்று சேலையை ஒதுக்கி வயிற்றைக் காட்டினாள்.

அவள் சொன்னதே சரி. ஆயினும், எங்கள் இல்லறம் முழுவதும் நினைவாற்றல் என் துறை என்று இருவரும் ஏற்றுக்கொண்டிருந்தோம். அந்த ஏற்பாட்டை மதித்துத்தான் அவள் தன் நினைவை ஐயுற்றாள். சிறிது நேரத்தில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, கைகள் நடுங்கின, பேச்சுக் குழறியது. இரத்தத்தில் சருக்கரை மிகத் தாழ்ந்துவிட்டால் மூளைக்கு எரிபொருள் கிட்டாது. உயிருக்கே கேடு நேரும். சருக்கரை நீரைப் புகட்டி, ஆட்டோவில் ஏற்றி, அருகிலிருந்த மருத்துவமனையில் சேர்த்தேன். மாலையில் தெளிந்து எழுந்தாள். எழுந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, நான் உண்டேனா என்பது.

எழிலி ஓடி வந்தாள். தாயைப் பார்த்துவிட்டு என்னிடம் கை நீட்டினாள். “ஊசிய குடுங்கப்பா. இனிமே நீங்க போட வேணாம்.”

“ஒருமுறை நேர்ந்த பிழை, எழிலி.”

“ஒரு வாட்டிதான். அதுக்கே அம்மா போயிருப்பாங்க. ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க. வீட்டப் பூட்டிடலாம். உங்க மூளைல ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்.”

இவ்வாறாக, நாங்கள் எங்கள் வீட்டில் வாழ்வதா, மகள் வீட்டின் ஓர் அறையில் ஒடுங்குவதா என்பது என் மூளையைப் பற்றி மருத்துவர் கூறப்போகும் ஒரு சொல்லில் வந்து நின்றது. அதுவரை காலைதோறும் ஒரு செவிலியர் வந்து ஊசி செலுத்திச் செல்ல எழிலி ஏற்பாடு செய்தாள். செவிலியர் வரும் வேளையில் நான் நூலறையிலேயே இருந்துகொண்டேன்.

வேலூரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் நரம்பியல் பிரிவுக்குச் சென்றோம். காத்திருப்புக் கூடத்தில் வங்காளமும் இந்தியும் ஒலித்த அளவுக்குத் தமிழ் ஒலிக்கவில்லை. பெயரை அழைப்பார்கள்; விரைந்து எழுந்து சென்றால், “இங்க இல்ல, அந்தக் கவுண்டர்” என்பார்கள். அந்த இடத்தில் உணவு இடைவேளை. நினைவு கெட்டவர்கள் வந்து சேரும் பிரிவில் இத்துணை இடங்களை நினைவில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருப்பதன் பொருத்தம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதலில் நினைவுச் சோதனை. ஓர் இளம்பெண் எதிரில் அமர்ந்து ஐந்து சொற்களைக் கூறினாள்: குடை, மாம்பழம், ரயில், கதவு, நீலம். “திருப்பிச் சொல்லுங்க தாத்தா.” சொன்னேன். பின்னர்க் கடிகாரம் வரையச் செய்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் செய்தாள். இன்று என்ன கிழமை என்று கேட்டாள். எல்லாம் சரியாகவே செய்தேன். “இப்போ அந்த அஞ்சு வார்த்தைய சொல்லுங்க.”

குடை என்றேன். மாம்பழம் என்றேன். அதன்பின் ஒன்றும் இல்லை. இருளில் சுவரைத் தடவுவதுபோல் தடவினேன். நூற்றுக்கணக்கான பாடல்களை ஏடு காணாமல் ஒப்பிப்பவன், குழந்தையும் அறிந்த மூன்று சொற்களைத் தொலைத்துவிட்டு நின்றேன்.

“பரவால்ல தாத்தா, டென்ஷன் ஆவாதீங்க” என்று அவள் எதையோ குறித்துக்கொண்டாள்.

“பதற்றம் ஏதுமில்லை. என்னைத் தாத்தா என்று அழைக்கவும் வேண்டாம்” என்றேன். எழிலி என் முழங்கையைக் கிள்ளினாள்.

காந்தப் புல ஆய்வில் மூளையைப் படமெடுத்தனர். வயதிற்கேற்ற சிறு சுருக்கம் என்றது அறிக்கை. அதைப் பார்த்த மருத்துவர் நடுவயதுப் பெண்மணி, வாணியம்பாடிப் பக்கத்தவர். என்னிடம் வினவவேண்டியதை மங்கையிடம் வினவினார். “அம்மா, இவர் ராத்திரி எப்படித் தூங்குறாரு? குறட்டை உண்டா?”

“கொறட்டையா? எங்க தெருவுல கம்பெனி பஸ்ஸுகூட அவ்ளோ சத்தம் போடாது டாக்டர். ஆனா சத்தம் இருந்தா எனக்கு நிம்மதி. நடுநடுவுல நின்னுடும். மூச்சே இருக்காது. தோளப் புடிச்சி உலுக்குவேன். அப்பறம் திரும்ப ஆரம்பிக்கும்.”

“எத்தன நாளா இப்படி?”

“ரொம்ப வருஷமா. எனக்கும் தூக்கம் கம்மி, அதனால பேஜார் ஒண்ணும் இல்ல.”

இது நான் அறியாதது. என் மூச்சைக் காவல் காத்துக்கொண்டு அவள் கண்விழித்துக் கிடந்த இரவுகளில், நான் நன்றாக உறங்கி எழுந்ததாக எண்ணி, வைகறைப் படிப்பின் பெருமையை மாணவர்க்கு எடுத்துரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மருத்துவர் தாளில் கோடு வரைந்து விளக்கினார். உறங்கும்போது மூளை ஓய்ந்து கிடப்பதில்லை. ஆழ்ந்த உறக்கத்தில் நரம்பணுக்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாக அடங்குவதால் உயர்ந்த, மெதுவான மின்னலைகள் தோன்றும். அவற்றினிடையே குறுகிய, விரைவான அதிர்வுகள் வந்து போகும். இரண்டும் நேரம் தவறாமல் இணையும்போது, பகலில் தற்காலிகமாகப் பதிந்தவை நிலைத்த நினைவாக மாறுகின்றன. முதுமையில் அம்மெது அலைகள் உயரம் குன்றும், இணைப்பும் தளரும். அதற்கும் மேலாக, தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு அடைபட்டால், மூளை ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு மேலெழும்; ஆழத்திற்குச் செல்லவே இயலாது. “உங்க மறதி இதனால இருக்கலாம். மறதி நோயோட ஆரம்பமாவும் இருக்கலாம். ராத்திரி தூக்கத்த அளந்து பாத்தாதான் தெரியும்” என்றார்.

வெளியே வந்ததும் எழிலி தாய்க்குத் தன் வழியில் விளக்கினாள். “டிரம்முல போட்டு எடுத்த தோல உடனே அடுத்த வேலைக்குத் தள்ள மாட்டாங்கம்மா. ராத்திரி முழுக்க அடுக்கி அப்படியே விட்டுடுவாங்க. அப்பதான் உள்ள ஏறின மருந்து தோல்ல புடிச்சிக்கும். அந்த அடுக்க யாராவது நடுவுல நடுவுல கலச்சிக்கினே இருந்தா?”

“தோலு வீணாப் போய்டும்.”

“அதான் அப்பாவுக்கு.”

மகள் என்னைத் தோலுக்கு ஒப்பிட்டதில் எனக்கு உவகை இல்லை. எனினும் மருத்துவர் வரைந்த கோடுகளினும் அது எனக்குத் தெளிவாக விளங்கியது.

உறக்க ஆய்வுக்கு உடனே இடம் கிட்டவில்லை, வாரக்கணக்கில் காத்திருந்தோம். குறித்த நாள் ஒரு சனிக்கிழமை. தலைக்குக் குளித்து வருமாறு தொலைபேசியில் அறிவுறுத்தினர், அவ்வாறே குளித்தேன். புறப்படும்போது மங்கை என்னை நிறுத்தினாள். எண்ணெய் காணாத தலையோடு வாயிற்படியைத் தாண்ட அவள் எவரையும் விட்டதில்லை.

“இன்னாங்க இது, பரட்டத் தலையோட பெரிய ஆஸ்பத்திரிக்கு? பஞ்சத்துல வந்தவரு மாரி. உக்காருங்க.”

அமர்ந்தேன். உச்சியில் விளக்கெண்ணெயை வார்த்து, முன்னந்தலையிலிருந்து பிடரிவரை அழுத்தித் தேய்த்தாள். புது இடத்தில் எனக்கு உறக்கம் வராதே என்பது அவள் கவலை. உச்சி குளிர்ந்தால் உறக்கம் வரும் என்பது அவள் நம்பிக்கை. ஒளி மங்கிய கண்களால் என் வகிட்டைத் தேடி, சீப்பால் வாரியும் விட்டாள். எனக்கும் அது இதமாகவே இருந்தது. தடுத்திருக்க வேண்டியவன் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

ஆய்வறையில் சாமுவேல் என்னும் தொழில்நுட்பப் பணியாளர் பொறுப்பிலிருந்தார். மார்பில் பட்டை, விரலில் கவ்வி, மூக்கில் குழாய், காலில் கம்பிகள் என ஒவ்வொன்றாகப் பொருத்தினார். பின்னர் மின்முனைகளை ஒட்டுவதற்காகத் தலையைத் தொட்டவர், கையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“சார், இன்னா தடவிக்கினு வந்தீங்க?”

“விளக்கெண்ணெய்.”

“ஐயய்யோ. தேங்கா எண்ணெயா இருந்தாக்கூட ஒரு ஷாம்புல போய்டும் சார். இது ஆணி அடிச்சாலும் நிக்காதே!”

கைகழுவும் தொட்டியில் தலையைக் கவிழ்க்கச் செய்து, எழுபதைக் கடந்த என்னைச் சிறுபிள்ளைபோல் கழுவினார். ஒருமுறை கழுவினார், மீண்டும் கழுவினார். பஞ்சில் ஏதோ நீர்மத்தை நனைத்துத் தேய்த்தார். பசை பிடித்த இடங்களில் பிடித்தது. முன்னந்தலையில் மட்டும் நில்லாமல் வழுக்கியது. மங்கையின் கை மிகுதியாக உழைத்த இடம் அதுவே. இரவு முழுவதும் அவர் கதவைத் திறந்து வந்து, கழன்ற கம்பியை ஒட்டிவிட்டுச் செல்வார். நான் உறங்கத் தொடங்கும்போதெல்லாம் அவர் விரல் நெற்றியில் படும். உறக்கத்தை அளக்கும் ஆய்வு இப்படித்தான் என்னை உறங்கவிடாமல் நடந்தேறியது.

பத்து நாள் கழித்து மருத்துவர் அறிக்கையைப் புரட்டினார். “மூச்சு நிக்கிறது தெளிவாத் தெரியுது. ஆனா ஆழ்ந்த தூக்கத்தோட அலை முன்னந்தலைலதான் பெருசா வரும். அங்க பதிவே சரியில்ல. அலை உண்மையிலேயே இல்லையா, கம்பி புடிக்கலையான்னு பிரிக்க முடியல. திரும்ப எடுக்கணும்.”

எழிலி தாயின் பக்கம் திரும்பினாள். “எண்ணெயாம்மா வெச்சி அனுப்புவ? அதுவும் வெளக்கெண்ண!”

“தூக்கம் வரட்டும்னுதாண்டி வெச்சேன்” என்றாள் மங்கை. வீடு திரும்பும் வழியெல்லாம் தன் வலக்கையின் விரல்களைச் சேலை முனையால் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னுள் பொங்கிய சினத்தை எவர்மீது சொரிவது? அவள்மீது இயலாது. என் பிழை அவள் உயிரின் விளிம்புவரை சென்றது. அவள் பிழையால் விளைந்தது சில வாரக் காத்திருப்பு. தெருவில் ஒலியெழுப்பிய லாரிமீது சினந்தேன்.

அக்காத்திருப்பு கொடிது. எழிலி தன் வீட்டில் எங்களுக்கென ஓர் அறையை ஒழித்தாள். என் நூல்களை எங்கே வைப்பது என்று அளந்தாள். “பாதி புக்க யாருக்காவது குடுத்துடலாமாப்பா?” என்றாள். மறதி நோயின் அறிகுறிகளை நான் என்னிலேயே தேடலானேன். கண்ணாடியைத் தேடினால் அச்சம். பழைய மாணவன் பெயர் வாராவிட்டால் அச்சம். இரவில் உறங்கவேண்டும் என்ற கவலையிலேயே உறங்காது கிடந்தேன். உறக்கம் பற்றி ஒன்றுமறியாத நாள்களில் நான் இதனினும் நன்றாக உறங்கினேன்.

இரண்டாம் ஆய்வுக்கு முந்திய நாளே மங்கை எண்ணெய்ப் புட்டியை எங்கோ எடுத்து வைத்துவிட்டாள். சீயக்காய் இட்டு அவளே என் தலையைத் தேய்த்தாள். முடி வைக்கோல்போல் நின்றது. சாமுவேல் என் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். “இப்போ சூப்பர் சார். அம்மாவுக்கு என் தேங்க்ஸ் சொல்லுங்க.”

இம்முறை எல்லா முனைகளும் நிலைத்தன. முன்னிரவில் வெறுமனே பதிவு செய்தனர். பின்னிரவில் மூக்கின்மேல் ஒரு முகமூடியை மாட்டினர். அதன் குழாய்வழியே காற்றை மெல்ல அழுத்திச் செலுத்தும் ஒரு கருவி, தொண்டை அடைபடாமல் திறந்து வைக்கும். யானையின் துதிக்கையை முகத்தில் கட்டிக்கொண்டு படுத்தது போன்றிருந்தது. ஆயினும் சிறிது நேரம் உண்மையாகவே உறங்கினேன்.

முடிவைக் கேட்க மூவரும் சென்றோம்.

“முதல் பாதில மெது அலை ரொம்பக் கம்மி. முகமூடி போட்டதும் கொஞ்சம் எழுந்திருக்கு. நான் எதிர்பாத்த அளவுக்கு இல்ல” என்றார் மருத்துவர். “மூச்சடைப்பு ஒரு காரணம், அது நிச்சயம். மிச்சம் வயசா, மறதி நோயோட தொடக்கமான்னு இப்போ சொல்ல முடியாது. தினமும் முகமூடி போடட்டும். ஆறு மாசம் கழிச்சி நினைவுச் சோதனைய மறுபடியும் பாப்போம். இன்னொண்ணு, வெடியக்காலத் தூக்கத்த வெட்டாதீங்க. அலாரம் வேணாம். தானா முழிப்பு வர்ற வரைக்கும் தூங்குங்க.”

“சொல்ல முடியாதா?” என்றேன்.

“சொல்ல முடியாதுன்னு சொல்றதுக்கா ரெண்டு வாட்டி ஒயர் சுத்தினீங்க?” என்றாள் மங்கை.

மருத்துவர் சினவாமல் நகைத்தார். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. ஆம் எனில் வீட்டைப் பூட்டியிருப்போம். இல்லை எனில் ஊசியைத் திரும்பப் பெற்றிருப்பேன். இரண்டுமற்ற ஒரு விடையைக் கையில் வாங்கிக்கொண்டு நடைக்கூடத்தில் நின்றோம். “அப்போ இன்னா, நம்ம வீட்டுக்கே வந்துடுங்கப்பா. ஆறு மாசம் பாப்போம்” என்றாள் எழிலி.

“நான் வரல” என்றாள் மங்கை.

“அப்போ ஊசி?”

“நானே போட்டுக்குவேன்.”

எழிலியும் நானும் அவளை நோக்கினோம். இரண்டாம் உறக்க ஆய்வு முடிந்து நான் வெளிவருவதற்காக அவர்கள் இருவரும் அம்மருத்துவமனையில் காத்திருந்த காலையில், எழிலி மருந்து வாங்கச் சென்ற பொழுதில், மங்கை தானாகவே நீரிழிவுப் பிரிவுக்கு வழி கேட்டுச் சென்றிருக்கிறாள். ஊசிப்பேனாவைத் திருகினால் ஒவ்வோர் அளவுக்கும் ‘டிக்’ என ஓர் ஒலி வரும். அதை எண்ணி அளவு வைக்க அங்கிருந்த செவிலியர் கற்றுக்கொடுத்திருக்கிறார். “கண்ணுதான் போச்சி. காதுக்கு இன்னா கொற?” என்றாள். “ஆனா ஒரு வாட்டி யாராவது நம்பரப் பாத்து சரின்னு சொல்லணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி. போட்டதும் காலண்டர்ல அந்தத் தேதிய கிழிச்சிடணுமாம். அவரு பாத்துச் சொல்லட்டும்.”

நெடுநேரம் வாதிட்ட பின் எழிலி இசைந்தாள். ஐயம் எழுந்தால் கைப்பேசியில் தன்னைக் காணொளியில் அழைக்க வேண்டும் என்பது அவள் கட்டளை; தாய் ஒரே தொடுதலில் அழைக்குமாறு கைப்பேசியை அமைத்தும் தந்தாள். கையாக இருந்தவன் கண்ணாக ஆனேன். என் பொறுப்புச் சுருங்கிற்று, வீடு நிலைத்தது. காற்றுக் கருவியின் விலையை எழிலியே செலுத்தினாள்; அது இன்றளவும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

முகமூடியோடு முதல் சில வாரங்கள் போராட்டம்தான். மூக்கு வறண்டது; கன்னத்தில் தழும்பு விழுந்தது; பக்கம் திரும்பினால் காற்றுச் சீறியது. வெறுத்துக் கழற்றி எறிந்த இரவுகளும் உண்டு. மங்கை தடவி எடுத்து மறுபடியும் மாட்டிவிடுவாள். காலையில் பேருந்து ஒலி கேட்டதும் எழுந்து, அவள் திருகி நீட்டும் ஊசிப்பேனாவில் எண்ணைப் பார்த்து, “சரி” என்பேன். என் நாளின் முதல் சொல் அது. அச்சொல்லுக்காகவே விழித்தெழுந்தேன் எனலாம்.

பின்னர் ஒரு நாள் கண்விழித்தபோது, சுவரில் வெயில் ஏறியிருந்தது. பேருந்து எப்போது வந்தது, எப்போது போயிற்று என்று ஒன்றும் அறியேன். அத்தகைய உறக்கம் எனக்கு எந்நாளும் வாய்த்ததில்லை. முகமூடியைப் பிடுங்கிவிட்டு ஓடினேன். மங்கை இட்லி உண்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஊசி?”

“போட்டாச்சி.”

“எண்ணைப் பார்த்தது யார்?”

“எழிலிக்கு வீடியோ போட்டேன். பாத்து சரின்னு சொல்லிட்டா. தேதியும் கிழிச்சாச்சி.”

“நான் பார்க்க வேண்டும் என்பதுதானே ஏற்பாடு? ஏன் எழுப்பவில்லை?”

“டாக்டர் இன்னா சொன்னாங்க? தானா முழிக்கிற வரைக்கும் தூங்கணும்னு சொன்னாங்களா இல்லியா?”

“அவர் சொன்னது கிடக்கட்டும். நாளைக்கு என்னை எழுப்ப வேண்டும்.”

“சரி, எழுப்பறேன்.”

“உறுதியாக.”

“எழுப்பறேங்க. போய் மூஞ்சி கழுவிட்டு வாங்க, இட்லி ஆறுது.”

மறுநாளும் அவள் என்னை எழுப்பவில்லை.